பயந்தாங்கொள்ளிச் செயலாளர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "ஒருவேளை அதப் படிச்சிட்டு யாராவது தப்பா எடுத்துக்கிட்டா என்ன தம்பி பண்றது?" என்று கேட்பார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஓர் 'ஒருவேளை' தயாராக இருக்கும். அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர்களின் சங்கத்துக்கு அவர் தர்மபுரி மாவட்டச் செயலாளராக இருந்தபோது, எங்களில் சில குறும்புக்காரர்கள், "மாத்திரைன்னா மூணு வேளை, அக்கான்னா ஒருவேளை" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். கோபித்துக்கொண்டதில்லை.

அவ்வளவு பயந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. இடி இடித்தால் பயம். தந்தி வந்தால் பயம். அதிகாரியின் ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டாலே கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வார். கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகப் படித்து அரசு வேலைக்கு வந்தவர். இந்த வேலையை யாரோ தவறுதலாகத் தனக்குக் கொடுத்துவிட்டார்கள், எந்த நேரமும் திரும்பக் கேட்டுவிடுவார்கள் என்பது போலவே நடந்துகொள்வார்.

எண்பதுகளில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். சீட்டை வாங்கிப் படிப்பார். மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அடுத்த சீட்டைக் கையில் வாங்கும்போது முகம் மாறும். "தம்பி, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்புக்கூட மாட்டாமல் பின்கதவு வழியாக ஓடுவார். புளியமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் ஆளை நிறுத்தி, பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தாங்க இருக்குது, போங்க" என்று அனுப்புவார். எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏங்க கம்பவுண்டரம்மா, குடுக்கறதுக்கே நீங்க இப்பிடிப் பயந்தா, நான் எப்பிடிங்க இத முழுங்கறது?"

சனங்களுக்கு நாங்கள் கம்பவுண்டர்கள்தாம். டிப்ளமோ படித்து, பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து வேலைக்கு வந்தவர்களையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் சம்பளமும் அந்தப் பழைய பெயருக்கு ஏற்றபடியே இருந்தது. எங்களைப் போலவே டிப்ளமோ முடித்து வேறு இலாகாக்களில் சேர்ந்தவர்கள் எங்களைவிட மேலான சம்பள விகிதத்தில் இருந்தார்கள். அதைத்தான் சங்கம் எங்களுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

இவ்வளவு பயந்தவர் செயலாளரானது ஒரு விபத்து போலத்தான் நடந்தது. முன்பிருந்த செயலாளர் ஒரு கூட்டத்தில் மேலதிகாரியை அவன் இவன் என்று பேசிவிட்டார். கொஞ்ச நாளிலேயே அவரை ராமநாதபுரத்துப் பக்கம் தூக்கியடித்தார்கள். அடுத்த செயலாளரைத் தேர்ந்தெடுக்க தர்மபுரியில் ஒரு டுடோரியல் காலேஜ் வகுப்பறையில் கூடினோம். தலைவர், "யாராச்சும் பேர் குடுங்கப்பா" என்றார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். மேடையில் சிங்கம் மாதிரி பேசுகிறவர்கள்கூட அன்றைக்கு மின்விசிறியைத்தான் பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்தார். "ஒருவேளை யாருமே பேர் குடுக்கலைன்னா சங்கம் என்னங்க ஆகும்?"

"கலைஞ்சிரும்மா."

"கலைஞ்சிட்டா, கிராமத்துல ஒத்த ஆளா இருக்கறவங்களுக்கு ஒண்ணுன்னா யாருங்க கேக்கறது?"

யாரோ, "அக்காவே இருக்கட்டும்!" என்று கை தட்டினார்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். கைதட்டல் நிற்கவில்லை. "வூட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், சாதுவான மனிதர். மறுநாள் காலை ஜன்னலைத் திறக்கும்போது நான் விசாரித்தேன்.

"உனக்குத் தூக்கம் போயிருமேன்னாருங்க தம்பி."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"இப்ப மட்டும் தூங்கறனா, இது ஒண்ணு சேந்தா என்னன்னு சொல்லிட்டேன்."

என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். அதனால் அவர் போகிற இடத்துக்கெல்லாம் துணைக்குப் போகும்படி ஆனது. அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வார். உள்ளே போனால் குரல் எழும்பாது. ஆனால் போகாமல் இருந்ததில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், "இன்னைக்கே இவ்வளவு பயமா இருக்குது, நாளைக்கு வரைக்கும் இதத் தூக்கிட்டுத் திரியச் சொல்றீங்களா?" என்பார்.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒருநாள் தர்ணா என்று முடிவானது. கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொருவருக்கும் தன் கைப்பட கார்டு எழுதினார். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். முறைப்படி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அந்த மாதிரி இடங்களில் மருந்தாளுநர் ஒரே ஒருவர்தான். அவர் லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது. கூட்டிப் பெருக்குகிறவரோ, காயத்துக்குக் கட்டுப் போடுகிறவரோ அன்றைக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஊரறிந்த வழக்கம் அது.

அன்றைக்கு ஜுரம் என்று ஒரு சின்னப் பெண் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார்கள். மருந்து கொடுத்தவர் காய்ச்சல் மாத்திரை ஜாடிக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த வலிப்பு மாத்திரை ஜாடியைத் திறந்துவிட்டார். இரண்டும் வெள்ளை மாத்திரை, இரண்டும் பழுப்பு ஜாடி. குழந்தை தூங்கியது. எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் எங்களுக்குச் செய்தி வந்தபோது அக்கா மருந்துக் கலவையைக் கலக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குச்சியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். குழந்தை கண் விழித்துவிட்டது என்று அடுத்த செய்தி வரும் வரையில் அவர் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஜன்னலில் மட்டும் நின்றார். அந்த இளைஞரை உடனே சஸ்பெண்ட் செய்தார்கள்.

குழந்தை வீடு திரும்பியதும் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். நான் தடுத்தேன். "ஊர்க்காரங்க கோவத்துல இருப்பாங்கக்கா. அடிச்சாலும் அடிப்பாங்க."

"ஒருவேளை அடிப்பாங்கதான்" என்றார். பஸ்ஸில் வழி நெடுகச் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்தார்.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குழந்தையின் தாய் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கன்னடம் பேசுகிற குடும்பம். குழந்தை அவர் மடியில் சாய்ந்திருந்தது. "அம்மா, நீரு" என்றது. அவர் சொம்பிலிருந்து தண்ணீரைப் புகட்டிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க?"

"மருந்து குடுக்கறவங்கம்மா நாங்க. உங்க ஆஸ்பத்திரித் தம்பிய அன்னைக்குத் தர்மபுரிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது நான்தாங்க."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சம்பளம் சேத்திக் கேக்கறதுக்கு."

அந்தத் தாய் கத்தவில்லை. கையிலிருந்த கடலைத் தோலை உதறினார். "கேக்க வேணாம்னு சொல்லலீங்க. நாங்களுந்தான் கூலி சேத்திக் கேக்கறோம். ஆனா நாங்க ஒருநாளு போகலைன்னா காட்டுல களை வளரும். நீங்க போகலைன்னா எம்புள்ள கண்ணு முழிக்க மாட்டேங்கறா. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அக்கா மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு பிடி கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தாய் தடுக்கவில்லை. பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது என்று நான் சொல்லும் வரை இரண்டு பெண்களும் அப்படியே இருந்தார்கள். வாசலில் நின்ற எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கேட்டார். "அந்தம்மா கேட்டதுக்கு நம்மகிட்ட பதில் இருக்குதுங்களா தம்பி?"

"ரெண்டு ஆளு போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு சொல்லியிருக்கலாம்க்கா."

"அது அதிகாரிக்குச் சொல்ற பதிலு. அந்தம்மாவுக்கு என்ன பதிலு?"

பஸ் வந்தது.

மாவட்ட சுகாதார அதிகாரி சில நாளில் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுவே அக்காவைக் கலவரப்படுத்தியது. அதிகாரி தணிந்த குரலில் பேசினார். "சங்கம் அந்தப் பையனைக் கூப்பிடலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. அவனாத்தான் ஊர் சுத்தப் போனான். விஷயம் அவனோட முடிஞ்சிரும். குடும்பப் பொம்பள, உங்களுக்கு எதுக்கும்மா வம்பு?"

"ஒரு நிமிசம் சார்" என்று எழுந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். குழாயடியில் வாந்தி எடுக்கும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அதிகாரி கோப்பைப் புரட்டினார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"நான்தாங்க சார் கூப்பிட்டேன்."

"என்ன? கேக்கல."

அவர் முதல் முறை முணுமுணுத்திருந்தார். திருப்பிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "நான்தாங்க கூப்பிட்டேன். லீவு எழுதிக் குடுத்துட்டு வாங்கன்னு சொன்னதும் நான்தான். மாத்து ஆளு போடாதது மட்டும் நாங்க இல்லீங்க சார்." இரண்டாம் முறை சத்தம் கூடிவிட்டது. தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நின்றார்.

அவருக்கும், வேலைநீக்கம் வரைக்கும் போகக்கூடிய பதினேழு பி விதியின்படி, குற்றச்சாட்டு மெமோ வந்தது. அரசு ஊழியருக்கு அதைவிட நடுக்கம் தரும் காகிதம் வேறு கிடையாது. "வேலை போயிருமாங்க தம்பி?" என்று மாதக்கணக்கில் கேட்டார். சீட்டு வாங்கும்போது கேட்பார், டீ குடிக்கும்போது கேட்பார். நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "பயந்தா எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றால், "வேற எப்படிங்க சொல்றது, அதுதான நடந்துச்சு?" என்பார். அந்த இளைஞரைக் கடைசியில் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் அரசு ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஊதியத்தைத் திருத்த வேண்டும் என்று மாநிலம் முழுக்கக் கொதித்துக் கிடந்தது. நாங்களும் கலந்துகொள்வது என்று முடிவானது. மாவட்டக் கமிட்டி கூடியபோது அவர் எழுந்து, "மருந்து ஜன்னல மூடக் கூடாதுங்க" என்றார்.

அப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருந்த கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒருவர் எழுந்தார். கோபக்காரர், நல்ல தொண்டர். "அப்ப நாம ஸ்ட்ரைக்குல இல்லீங்களா?"

"இருக்கறோம். வருகைப் பதிவுல கையெழுத்துப் போட வேணாம். சம்பளம் வேணாம். வேலைய மட்டும் பாப்போம்."

அறையே எழுந்து நின்றது. "வேலையும் பாத்துச் சம்பளமும் போகணுமா? இது போராட்டமா, தர்மமா?" என்று அந்தக் கிருஷ்ணகிரிக்காரர் மேசையைத் தட்டினார். "நாம மூடினாத்தான் கவர்மெண்டு திரும்பிப் பாக்கும்!"

"கவர்மெண்டு பாக்குங்க. அதுக்கு முன்னால யாரு வூட்டுல என்ன ஆகும்னுதான் எனக்குப் பயமா இருக்குது." மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்கும். தப்புன்னா அடுத்த மாநாட்டுல என்னை எடுத்துருங்க. ஆனா ஜன்னல மூடி இன்னொரு புள்ள படுத்துச்சுன்னா, நீங்க எடுக்கற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்."

அவர் சொன்னபடி நடந்தவர்கள் பாதிப் பேர்தான் இருப்போம். மற்றவர்கள் பூட்டிவிட்டுப் பந்தலுக்குப் போனார்கள். எங்களைக் கருங்காலிகள் என்றார்கள். அரசாங்கமோ எங்களை வேலைநிறுத்தக்காரர்கள் என்று எழுதிக்கொண்டது. இரண்டு பக்கமும் அடி.

வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். மாற்றுச் சேலை, பல்பொடி, ஜெபமாலை. "ஒருவேளை புடிச்சிட்டுப் போயிட்டா?" என்றார். நான் சிரித்தேன். வேலை பார்க்கிறவரை யார் பிடிப்பார்கள்?

ஒரு முற்பகலில் பிடிக்க வந்தார்கள். பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்ததால் எங்கள் ஜன்னலில் வரிசை கேட் வரைக்கும் நீண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். கூட ஒரு பெண் போலீஸ்.

"நீங்கதான சங்கச் செயலாளர்? ஜீப்புல ஏறுங்க."

"வேலை பாத்துட்டு இருக்கறனுங்க சார்."

"ஸ்ட்ரைக் பண்றவங்கன்னு உங்க பேர் வந்திருக்குது. ஸ்ட்ரைக் பண்றவங்க எதுக்கு வேலை பாக்கறீங்க?"

அவருக்கு விளக்கத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? வரிசையைக் கை காட்டினார். "இவங்கல்லாம் தூரத்துல இருந்து வந்திருக்கறாங்க. வரிசை முடியட்டுங்க, வந்தர்றேன்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண், "மருந்து குடுத்துட்டு வரட்டுங்க, எங்க ஓடிப் போறாங்க?" என்றார். பின்னாலிருந்தும் குரல்கள் எழுந்தன. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த வரிசையை நான் மறக்க முடியாது. அவர் எடுத்த மாத்திரைகள் மேசையில் சிதறின. சிதறியதைத் தள்ளிவைத்துவிட்டு ஜாடியிலிருந்து வேறு எடுத்தார். ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொருவரிடமும் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நான் என் பக்கத்து வரிசையை வேகமாக முடிக்கலாமா, மெதுவாக முடிக்கலாமா என்று தெரியாமல் தவித்தேன்.

கடைசி ஆள் போனதும் பையை எடுத்துக்கொண்டார். நானும் புறப்பட்டேன். "நீங்க வரக் கூடாதுங்க தம்பி. மத்தியானத்துக்கு மேல மருந்துக்கு ஆளு வருவாங்க" என்றார். பெண் போலீஸ்தான் கைகொடுத்து ஜீப்பில் ஏற்றினார்.

வேலூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரையும் விட்டபோது அவரும் வந்தார். வந்ததும் அரூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊருக்கு மாற்றல் உத்தரவு காத்திருந்தது. அதற்கிடையே ஊதியக் குழு சங்கங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. மாநிலச் சங்கம் சென்னைக்கு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். சம்பள விகிதத்தைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. அவர் குழுவின் முன்னால் நின்று கிராமத்துக்கு இரண்டாவது மருந்தாளுநர் வேண்டும் என்று அந்தக் குழந்தையின் கதையிலிருந்து தொடங்கினார். அதை முடிப்பதற்குள் அவருக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாநாட்டில் அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர் புதிய செயலாளரானார். இனியாவது அக்கா நிம்மதியாகத் தூங்குவாரா என்று நான் அவர் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்கீங்க! புதுசா வந்தவரு ரெண்டாவது ஆளு விசயத்த மறந்துட்டா என்ன பண்றதுன்னு உக்காந்துட்டு இருக்கறா" என்றார்.

ஊதிய உத்தரவு வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனாலும் ஒரு படி ஏறினோம். கம்பவுண்டர் என்ற பழைய பெயர் பலகைகளிலிருந்து போனது. தர்மபுரியில் விழா வைத்து லட்டு கொடுத்தார்கள். அவருக்கு அழைப்பு போயிருந்தது, வரவில்லை. புதிய செயலாளரும் எதையும் மறந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விடாமல் அலைந்தார். எண்பதுகள் முடிகிற சமயத்தில் சில சுகாதார நிலையங்களுக்கு இரண்டாவது மருந்தாளுநர் பணியிடம் வந்தது. அதில் பாப்பாரப்பட்டிப் பக்கத்து அந்த ஊரும் இருந்தது.

கேள்விப்பட்டதும் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். தலை நிறைய நரைத்திருந்தது. "வர்றீங்களா தம்பி, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

சுகாதார நிலையத்துக்குள் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டுக்கு வெளியே வேலியோரம் நின்று பார்த்தோம். ஜன்னலில் ஒரு பெண் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார், உள்ளே அலமாரிப் பக்கம் இன்னொருவர் நின்றிருந்தார். அவ்வளவுதான். அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள், அவர்கள் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

"பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

"அதுக்கென்னங்க, அங்கயே ஸ்கூலுக்குப் போகுதாம். பொங்கலுக்கு வருவாங்க." அந்த அம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "யாரு வந்தாங்கன்னு சொல்லட்டுங்க?"

அவர் பூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பேரச் சொன்னாத் தெரியாதுங்க. ஆஸ்பத்திரியில மருந்து குடுக்க இப்ப ரெண்டு பேரு இருக்கறாங்கன்னு சொல்லுங்க."